மொறுமொறுப்பு வேறு, வேக்காடு வேறு



நம் தோட்டங்களுக்குக் காட்டுப்பன்றி புதிதல்ல. ரப்பர்த் தோட்டங்களில் அது நம் மரவள்ளிக் கொல்லைகளைக் கிளறியது. செம்பனை வந்த பிறகு இளங்கன்றுகளின் குருத்தையும் உதிர்ந்த பழங்களையும் தின்கிறது. வேட்டைக்குப் போனவர்கள் கொண்டுவரும் இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்வதும், அதை மொறுமொறுவென்று பொரித்துக் காரமான சாற்றில் தொட்டுத் தின்பதும் பல குடும்பங்களின் வழக்கம். இதை உண்ணாத வீடுகளும் உண்டு. அது அவரவர் விருப்பம். உண்ணும் வீடுகளில் அதை எப்படிப் பக்குவமாகச் செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. பொரித்த துண்டு வெளியே சிவந்து மொறுமொறுப்பாக இருந்தால், உள்ளேயும் வெந்துவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. எண்ணெயின் சூடு மேற்பரப்பில் உள்ள நீரை விரைவில் ஆவியாக்கி விடுகிறது. அதனால் மேல்பகுதி காய்ந்து மொறுமொறுப்பாகிறது. நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகவே போய்ச் சேரும். பெரிய துண்டாக இருந்தால் வெளியே கருகும். உள்ளே பச்சையாகவே இருக்கும்.

காட்டு விலங்கின் தசையில் டிரிக்கினெல்லா என்ற நுண்ணிய புழு இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. அரைவேக்காட்டு இறைச்சியோடு அது நம் உடலில் புகுந்தால், முதலில் வயிற்றுப்போக்கும், சில நாள் கழித்துக் காய்ச்சலும் தசைவலியும் கண் இமை வீக்கமும் வரலாம். ஈரலை அரைவேக்காட்டில் தின்பவர்களுக்கு ஒருவகை மஞ்சள்காமாலையும் வரக்கூடும். உப்பு, புளி, மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகிய எதுவும் இவற்றைக் கொல்லும் என்று நம்ப முடியாது. புகை போட்டுக் காயவைப்பதும் போதாது. முழு வேக்காடு ஒன்றே வழி. இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும்.

நம் வீடுகளில் வெப்பமானி இருப்பதில்லை. ஆகவே, முதலில் அவித்து, பிறகு பொரிப்பதே நமக்கு ஏற்ற முறை.

ஒரு கிலோ இறைச்சியை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கையில் காயம் இருந்தால் கட்டுப் போட்ட பிறகே பச்சை இறைச்சியைத் தொடுங்கள். துண்டுகளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கவிச்சை வாடை குறையும். பிறகு புதிய நீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள், தட்டிய இஞ்சி, பூண்டு, இரண்டு செராய்த் தண்டு, தேவையான உப்பு சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். காட்டுப்பன்றி ஓடித் திரியும் விலங்கு. அதன் சதை கடினமானது. ஒன்றரை மணி நேரம் கூட ஆகலாம். முள்கரண்டி தடையின்றி இறங்க வேண்டும். உள்ளே சிவப்பு தெரியக்கூடாது.

வெந்ததை வடித்து ஆறவைத்து, சதையின் நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். அப்போதுதான் பிள்ளைகளும் முதியோரும் எளிதாக மெல்லலாம். ஒரு மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு தேக்கரண்டி சோம்புத் தூள், ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு ஆகியவற்றைப் பிசறிக் கால்மணி நேரம் வையுங்கள்.

குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். உடனே பொங்கி மேலே வந்தால் பதம் சரி. துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் குளிர்ந்துவிடும்; இறைச்சி எண்ணெயைக் குடிக்கும். நுரை அடங்கி நிறம் சிவந்ததும் கறிவேப்பிலை தூவி எடுத்து, சல்லடையில் பரப்புங்கள். மூடி வைத்தால் ஆவி பட்டு நமத்துவிடும்.

தொட்டுக்கொள்ளும் சாற்றுக்கு, ஆறு சில்லிப் பாடி, நான்கு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றை இடித்து, ஒரு மேசைக்கரண்டி சீனி, சிறிது உப்பு, ஆறு லீமாவ் கஸ்தூரியின் சாறு, மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்துக் கலக்குங்கள். சிறுவர்களுக்கு மிளகாய் இல்லாமல் தனியே எடுத்து வையுங்கள். பச்சை இறைச்சி இருந்த பாத்திரத்தையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் இந்தச் சாற்றுக்குப் பயன்படுத்தக்கூடாது.

இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் நம் கடமை. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பன்றியை வேட்டையாட உரிமம் வேண்டும். கம்பிக் கண்ணி வைப்பது குற்றம். அதில் புலியும் சிக்கிச் சாகிறது. செத்துக் கிடந்த விலங்கையோ, நோயுற்றுத் தள்ளாடிய விலங்கையோ தொடவே கூடாது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பண்ணைப் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா நோய் நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதை நாம் மறக்கலாமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் இந்தப் பொரித்த இறைச்சி மதுவுக்குத் துணையாகவே சமைக்கப்படுகிறது. கொல்லைப்புறத்தில் தீ மூட்டி, போதையின் அவசரத்தில் அரைவேக்காட்டில் இறக்கிவிடுகிறார்கள். மிஞ்சியது வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் ஆசையோடு எடுத்துத் தின்கின்றன. பெரியவர்களின் அவசரத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பது நியாயமா? அப்படி வந்ததை மீண்டும் நன்றாக வேகவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதைவிட, நல்ல இறைச்சி கிடைத்த நாளில் வீட்டு அடுப்பில் பொறுமையாகச் சமைத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து உண்பதே மேல்.

ஒன்றரை மணி நேர விறகோ எரிவாயுவோ பெரிய செலவு அல்ல. தசைவலியோடும் காய்ச்சலோடும் வேலைக்குப் போக முடியாமல் படுத்தால் இழக்கும் கூலியே பெரிது. மொறுமொறுப்பை நாக்கு அறியும். வேக்காட்டை உடம்பு அறியும். இரண்டும் சேர்ந்ததே நல்ல சமையல்.