ஊர் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



எமது அன்புவழிபுரம் சுற்றுலாப் படங்களில் இடம்பெறும் ஊரல்ல. திருகோணமலைக்கு வரும் இளைஞர்கள் கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் போகின்ற அவசரத்தில் எங்களைக் கடந்து போய்விடுவார்கள். வழி தவறியவர்களும் தாகம் எடுத்தவர்களுமே எங்கள் ஒழுங்கைக்குள் வருவார்கள். அப்படி வந்த சில பிள்ளைகள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இங்கே எதைப் பார்ப்பது? எதை வாங்குவது? அன்று சொல்ல மறந்தவற்றையும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய பயணியைப் பற்றிச் சொல்லவேண்டும். புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தது. கப்பலைச் சீர்செய்வதும், அதற்கிடையில் வியாபாரம் செய்வதும் அவர்களது நோக்கம். கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் இன்னும் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்கள். மகனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. தந்தை சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகனோ தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். பிறகு சில்லறைச் சாமான்களைச் சுமந்துகொண்டு ஊரூராகத் திரிந்தார். விற்றுத் திரிந்ததில் சனங்களின் பழக்கமும் பாதைகளும் அவருக்குத் தெரியவந்தன. 1679இல் ஒரு தோழருடன் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலை இலங்கைச் சரித்திரம் படிப்பவர்கள் இன்றும் விடமுடியாது. அந்த நூலுக்கான விடயங்களை அவர் சந்தையிலும் திண்ணையிலும் சேகரித்தார் என்பதை இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கோணேசர் கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். போத்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். வாசற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இருக்கிறது. ஓட்டோவில் விரைந்து போனால் அது கண்ணில் படாது, இறங்கி நடவுங்கள். அங்கு திரியும் மான்களுக்குச் சோற்றுப் பொதியைப் பொலித்தீனோடு எறியாதீர்கள். ருசிக்காக அதையும் தின்றுவிடும். பிறகு வயிறு அடைத்துச் சாகும்.

நகரத்துப் பழைய சேமக்காலையில் 1852இல் இறந்த கடற்படை அதிகாரி ஒருவரின் கல்லறை இருக்கிறது. சாள்ஸ் ஒஸ்ரின் என்ற அவர், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை போய் நின்று பார்க்கலாம். குடாவின் அக்கரையில் உள்ள மூதூர், 'தோணி' என்ற சிறுகதையை எழுதிய வ. அ. இராசரத்தினம் பிறந்த ஊர் என்பதையும் மறக்கவேண்டாம்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கருமஞ் செய்வதற்காக இராவணன் உண்டாக்கியது என்பது ஐதிகம். இறந்த தாய் தந்தையரை நினைத்து வருகிறவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் நிற்கும்போது கூச்சல் போட்டு நீர் தெளித்து விளையாடாதீர்கள். படம் எடுப்பதாயின் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டால், பனங்கட்டி வாங்குங்கள்; பனையோலைப் பெட்டி வாங்குங்கள். கருவாட்டை வளைத்துப் பார்த்து வாங்குங்கள். ஈரம் நின்றால் வீடு போய்ச் சேருமுன் பழுதாகும். எருமைத் தயிர்ச் சட்டியைப் புறப்படுகிற நாளில் வாங்குவதே புத்தி.

விலை கேட்பது தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் எங்கள் ஒழுங்கையில் பெட்டி விற்கும் ஆச்சியிடம், “ஓலைதானே ஆச்சி, சும்மா கிடைக்கிறதுக்கு இவ்வளவு விலையா?” என்று கேட்டான். ஆச்சி கோபிக்கவில்லை. “ஓலை மரத்தில சும்மாதான் கிடக்கு தம்பி. மூண்டு நாள் என்ர கையில கிடந்துதான் பெட்டியானது” என்றார். பையன் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு அந்தத் திண்ணையிலேயே அரைமணி நேரம் இருந்தான். பெட்டி இழைப்பதைப் பார்த்தான். அன்று அவன் பார்த்ததும் ஒரு காட்சிதான்.

வாங்கவோ எடுக்கவோ கூடாத பொருளும் ஒன்றுண்டு. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலையைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனப்படுத்தப்பட்டது. கடல் அமைதியாக இருக்கும் வைகாசி முதல் ஆவணி வரை போகலாம். பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள். அது கல்லல்ல, உயிர். ஒரு சாண் வளரப் பல ஆண்டுகள் செல்லும். ஒடிய ஒரு மிதி போதும்.

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை இல்லை. மாணவனாக இருந்தபோது நானும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குள் மண்ணிறமாக இருந்தது சில நாட்களில் நாறி, பின் வெளிறிப் போயிற்று. அதை அலுமாரியில் வைத்தேன். 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது கதவில்லை, புத்தகங்களில்லை, அம்மாவின் தையல் மெசினுமில்லை. அந்தப் பவளம் மட்டும் கிடந்தது. யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளுக்காக ஓர் உயிரை ஒடித்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அண்மையில் என் பேத்தி அதைத் தூக்கிப் பார்த்து, “இது எதின்ர எலும்பு, அப்பப்பா?” என்று கேட்டாள். பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

பிள்ளைகளே, எங்கள் ஊருக்கு வாருங்கள். போர் 2009இல் முடிந்தது. ஆனால் அந்தக் கதைகளை வேடிக்கைபோல் கேட்காதீர்கள். திண்ணையில் இருங்கள்; தேநீர் குடியுங்கள். சொல்ல விரும்புகிறவர்கள் தாமாகவே சொல்வார்கள். கைநிறைய வாங்கிப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒடிக்காமல் போங்கள்.