இல்லாத நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(ஐ.டி. அணி பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலை விஷயமா பெர்லின் போனப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைச்சது. இன்னைக்கு வரைபடத்துலயே இல்லாத ஒரு நாட்டைத் தேடிப் போனேன். கிழக்கு ஜெர்மனி. 1949-ல் உருவாகி, 1990 அக்டோபர் 3-ம் தேதி மேற்கு ஜெர்மனியோடு இணைந்து மறைந்த கம்யூனிச நாடு.

முதல்ல கண்ணுல படுறது 368 மீட்டர் உயர டிவி டவர். 1969-ல் திறந்தது. ஜெர்மனியின் உயரமான கட்டுமானம் இன்னைக்கும் அதுதான். கொஞ்ச தூரத்துல அவங்க நாடாளுமன்றம் கூடிய 'குடியரசு மாளிகை' இருந்த இடம். மன்னர் கால அரண்மனையை 1950-ல் இடிச்ச இடத்துல கட்டினது. 2008-க்குள்ள அதையும் இடிச்சு முடிச்சு, பழைய அரண்மனையோட முகப்பையே திரும்பக் கட்டிட்டாங்க! ஆட்சி மாறினா கட்டடம் மாறும், நமக்குத் தெரியாததா?

ஆனா சிக்னல்ல தொப்பி போட்ட குட்டி மனிதன் மட்டும் தப்பிச்சான். 1961-ல் கார்ல் பெக்லாவ் வடிவமைச்சது. அவனைத் தூக்கப் பார்த்தப்ப மக்களே போராடிக் காப்பாத்தினாங்க.

கடைசியா போனது ஸ்டாசி உளவுத்துறையோட தலைமையகம். இப்போ மியூசியம். அமைச்சர் மில்கேயோட அறை அப்படியே இருக்கு. முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். உளவு சொன்னவங்க அதைவிட அதிகம். கட்டின மனைவியை உளவு பார்த்த கணவனும் அதுல உண்டு.

அவங்க அட்டை முறை என்னன்னா, பெயர் ஒரு அட்டையில, விவகாரம் இன்னொரு அட்டையில. ரெண்டையும் இணைக்கிறது ஒரு பதிவு எண். நம்ம பிரைமரி கீ மாதிரி! "அடடா, என்ன டிசைன்"னு ஒரு நிமிஷம் ரசிச்சேன். அடுத்த நிமிஷம் வெட்கமா இருந்தது. அந்த ஒவ்வொரு அட்டையும் ஒரு மனுஷனோட வாழ்க்கை.

சுவர் விழுந்ததும் கோப்புகளைக் கிழிக்க ஆரம்பிச்சாங்க. 1990 ஜனவரி 15 அன்று மக்கள் உள்ளே புகுந்தாங்க. தப்பின கோப்புகளை அடுக்கினா 111 கிலோமீட்டர். கிழிச்ச தாள் தனியா சுமார் 16,000 மூட்டை. 1992 முதல் யாரும் தன்னோட கோப்பைக் கேட்டுப் படிக்கலாம்.

நம்ம கையிலயும் பூத் வாரியா பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்கு. நம்பிக் கொடுத்தது. ஒரு எக்செல் ஷீட்டை இன்னொருத்தருக்கு ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த வரிசையில இருக்கிறவர் நாளைக்கு வந்து "என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்க, காட்டு"ன்னா, தயங்காம காட்ட முடியுமா?

முடியும்னா மட்டும் வேலையைத் தொடருவோம்.