மண் குவளையும் கேப்டன் பதவியும்: பல்வங்கர் பாலு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு பந்துவீச்சாளரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாம் கூடியிருக்கும் மயிலாப்பூருக்கும் கிரிக்கெட்டுக்கும் பழைய உறவு உண்டு. லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு, சேப்பாக்கத்து வெள்ளையர் தங்கள் பெவிலியனில் இந்தியரைச் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் தனிக் கிளப் கண்டார். இதைப் பெருமையோடு சொல்வார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அதே காலத்தில் இந்து அணியின் பெவிலியனுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பூனாவில் இருந்தார்.

பல்வங்கர் பாலு 1876இல் பிறந்தவர். தோல் தொழிலோடு அடையாளப்படுத்தப்பட்ட சமர் சாதி. பூனாவில் பார்சிகளின் மைதானத்தைக் கூட்டி, ரோலர் இழுக்க மாதம் மூன்று ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளையரின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்கில் பந்து வீசினார். கிரெய்கை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கிடைத்ததாகச் சொல்வதுண்டு. ஒருநாளும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து வீசுவது வேலையாள் செய்யும் வேலை, மட்டை பிடிப்பது துரையின் பொழுதுபோக்கு. அந்த வேலைதான் அவரை இந்தியாவின் மிகச் சிறந்த இடதுகைச் சுழல் பந்துவீச்சாளராக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளையரை வெல்ல பூனா இந்துக்களுக்கு அவர் தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில் தேநீர். சாப்பாடு தனியே. நம் ஊர் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிளேக் நோய்க் காலத்தில் பம்பாய்க்குப் போனார். 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ரன்களில் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. அப்போது அவருக்கு 35 வயது. அவர் திரும்பியதும் ஒடுக்கப்பட்டோர் நடத்திய வரவேற்பில் வாசித்த பாராட்டு மடலை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர் என்று ராமச்சந்திர குஹா குறிப்பிடுகிறார். மொத்தம் 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட், சராசரி 15.21.

இத்தனைக்குப் பிறகும் கேப்டன் பதவி இல்லை. திறமை இருந்தால் சாதி பார்க்க மாட்டார்கள் என்று நம் மாணவர்களிடம் இன்றும் சொல்கிறார்களே, அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 1920இல் பிராமணரான பாய் என்பவரைக் கேப்டனாக்கி, பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார்கள். இரண்டு நல்ல மட்டையாளர்கள் இல்லாமல் அணி தடுமாறும் என்று தெரிந்ததும் பாலு துணைக் கேப்டனாகத் திரும்ப அழைக்கப்பட்டார். பாய் களத்தைவிட்டு வெளியே போன நேரத்தில் அணியை நடத்தவும் செய்தார். 1923இல் விட்டல் முழுக் கேப்டன் ஆனார். 179 விக்கெட்டால் திறக்காத கதவு, ஒரு ஒத்துழையாமையில் திறந்தது.

பிறகு நடந்ததை மறைக்க மாட்டோம். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவும் கையெழுத்திட்டார். அதற்கு முன் கூட்டுத் தொகுதி கேட்டு ராஜா பக்கம் நின்றவர் அவர். 1937இல் பம்பாயில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. பாலுவைத் துரோகி என்று எழுதிவிடுவது எளிது. தன்னைச் சேர்த்துக்கொண்ட இந்து அணியை உள்ளிருந்தே மாற்றலாம் என்று நம்பியவர் அவர். வாழ்நாள் அனுபவம் அவருக்கு அப்படித் தோன்ற வைத்தது. நாம் அதை ஏற்கவில்லை, வாக்காளர்களும் ஏற்கவில்லை. ஆனால் 11,225 பேர் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் படிக்க வேண்டும்.

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் இறந்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் அடையாறுப் பக்கத்து மைதானங்களிலும் ஆடும் தம்பிகள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ சேப்பாக்கத்திலோ கல்லூரி மைதானங்களிலோ புல் வெட்டியிருந்தால், ரோலர் இழுத்திருந்தால், வலையில் பந்து வீசியிருந்தால், அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து கொண்டுவாருங்கள். அடுத்த வெளியீட்டில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.