போனைப் பிடுங்காதீங்க, பிள்ளையிடம் பேசுங்க!

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றிப் பேசியாச்சு. இப்போ நம்ம பிள்ளைங்க கையில இருக்கிற போனைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடினப்ப, பிள்ளைங்க பாடம் படிக்கணும்னு நம்மில் பலர் கடன் வாங்கி டச் போன் வாங்கினோம். பள்ளி திறந்தாச்சு. போன் மட்டும் அவங்க கையிலேயே நின்னுடுச்சு.

எங்க குழு உறுப்பினர் ஒருவரின் மகள், அப்போது ஏழாம் வகுப்பு. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியிருக்கிறாள். "அக்கா" என்று பழகிய ஒருவருக்கு யூனிபார்ம் போட்ட தன் போட்டோவை அனுப்பினாள். அது அக்கா இல்லை, ஒரு ஆண். "இதையே அசிங்கமா மாத்தி ஊருக்குக் காட்டுவேன். நான் கேட்கிற மாதிரி படம் அனுப்பு" என்று மிரட்டினான். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அம்மா வயிற்று வலி என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். "ஏன்டி முதல்லயே சொல்லல?" என்றதற்கு, "சொன்னா ஸ்கூலை நிறுத்திடுவீங்கன்னு பயந்தேம்மா" என்றாள்.

அந்தப் பயம் பொய்யா சகோதரிகளே? ஒரு பேச்சு வந்தால் படிப்பை நிறுத்தி, மாப்பிள்ளை பார்ப்பது நம்ம பக்கம் நடக்கத்தானே செய்யுது? மிரட்டுகிறவன் நம்புவதும் அந்தப் பயத்தைத்தான்.

அந்த அம்மா பிள்ளையை அடிக்கவில்லை. 1098-க்குப் பேசினார். புகார் கொடுக்க வழி கிடைத்தது. இன்று அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"நமக்குப் போனைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். பேங்கில் செலான் எழுதவும் ஒருகாலத்தில் தெரியாதுதானே? பிள்ளையிடமே கேட்டுக் கத்துக்குவோம். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 13 வயது ஆகாதவர்கள் கணக்கு வைக்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனிகளின் விதியே. அதற்கு மேற்பட்ட பிள்ளை வைத்திருந்தால், தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இரவில் போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். நாமும் பிள்ளை படத்தைப் பள்ளிப் பெயரோடு ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

தப்பு நடந்துவிட்டால் மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பணமோ, வேறு படமோ அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930. குழந்தையிடம் ஆபாசப் படம் கேட்டு மிரட்டுவது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். குற்றவாளி அவன்தான், நம் பிள்ளை இல்லை.

இன்று இரவு சோறு போடும்போது பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க: "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டேன்." இதை அடுத்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மானமாகவே எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.