நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி



வட ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். டிசம்பரில் அங்கே காலை எட்டரை மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மறைந்துவிடும்.

அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் யோஹான் ஹின்ரிக் விகெர்ன். "கிறிஸ்துமஸ் எப்போது வரும்?" என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். குழந்தைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட அன்பான வழி எனக்குத் தெரியவில்லை. இன்று வீடுகளில் பசுங்கிளை வளையத்தில் நான்கே மெழுகுவர்த்திகள், வாரத்துக்கு ஒன்று.

அடுப்படியிலும் காத்திருப்புதான். டிரெஸ்டன் நகரத்தின் ஸ்டோலன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டியில் உலர்திராட்சை, பாதாம், சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், தாராளமாக வெண்ணெய். சுட்டதும் உருக்கின வெண்ணெய் தடவி, சர்க்கரைத் தூள் தூவி, குளிர்ந்த இடத்தில் சில வாரம் வைப்பார்கள். அப்போதுதான் மணம் உள்ளே இறங்கும். ஒரு காலத்தில் நோன்பு நாட்களில் வெண்ணெய்க்குத் தடை இருந்தது. 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் அனுமதி தந்தார்.

பெர்லினிலிருந்து டிரெஸ்டனுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். 1434-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை அங்கே இன்னமும் கூடுகிறது. பக்கத்து மலைச் சுரங்க ஊர்களின் வேலைப்பாடான, ஜன்னலில் வைக்கும் விளக்கு வளைவுகள் அங்கே கிடைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதைத்தான் வாங்கச் சொல்வேன்.