சூளையின் மூச்சு

மட்கலம் சுடுவதைப் பற்றிப் பேச வந்த நான், மண்ணை விட்டுக் காற்றைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப்போகிறேன். காரணம் உண்டு.

கோட்டக்குப்பத்தைத் தெற்கே கடந்தால் புதுச்சேரி. அதற்கும் தெற்கே அரிக்கமேடு. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த பழங்கலங்களுள் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருப்பவை உண்டு. மண் ஒன்றே, நிறம் மட்டும் ஏன் இரண்டு? களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சுடும்போது பிராணவாயு தாராளமாகக் கிடைத்தால் அவ்விரும்பு சிவக்கிறது. காற்றை அடைத்துவிட்டாலோ, அரைகுறையாக எரியும் விறகிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழுகிறது. அது பிராணவாயுவுக்குப் பசித்த வாயு. வேறிடத்தில் கிடைக்காமையால் இரும்பிடமிருந்தே அதைப் பறித்துக்கொள்கிறது. கரியும் படிய, கலம் கறுக்கிறது. இதனையே ஒடுக்கச் சூளை என்கிறோம்.

1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இருவர் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்கலச் சாலையைத் தொடங்கினர். கல்போல் இறுகும் ஸ்டோன்வேர்க் கலங்கள் அதன்பின் இவ்வட்டாரத்தில் வேரூன்றின. அங்கே பயின்றவர் பலர் தாமே சூளை அமைத்தனர். இத்தகைய கலங்களின் மெருகில் இரும்பு சிறிதளவு இருந்து, ஒடுக்கமும் சரியாக அமைந்தால் இளம்பச்சை பிறக்கும். செம்பானால் குருதிச் சிவப்பு. ஒடுக்கம் தவறினால் பல நாள் உழைப்பு ஓர் இரவில் வீணாகும்.

ஆகவே புகையைப் பார்த்தும், எட்டிப்பார்க்கும் துளையில் நீளும் சுடரைப் பார்த்தும் கணிப்பது வழக்கம். ஆனால் புகை ஏமாற்றும். கரும்புகை மிகுந்தால் ஒடுக்கம் சிறந்ததென்று பொருளில்லை. விறகு வீணாகிறது, சூடும் ஏற மறுக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

இங்கேதான் பிராணவாயு உணர்கோல் துணைக்கு வருகிறது. அதன் உயிர்நாடி சிர்கோனியா என்னும் பீங்கானால் ஆன குழல். (கலத்தை அளக்கும் கருவியும் சுட்ட கலமே என்பது எனக்கு எப்போதும் வியப்பு!) ஏறத்தாழ 700 டிகிரிக்கு மேல் சூடேறியதும் பிராணவாயுவின் அயனிகள் இத்திடப்பொருளினூடே நகரத் தொடங்குகின்றன. குழலின் உள்ளே வெளிக்காற்று, நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவுடன். புறத்தே சூளையின் வாயு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாகத் தோன்றுகிறது. வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. காற்று தாராளமாக இருக்கையில் 0.1 வோல்ட்டுக்கும் கீழே நிற்கும் அளவு, ஒடுக்கம் தொடங்கியதும் 0.5ஐத் தாண்டித் தாவுகிறது. 1976 முதல் மோட்டார்க் கார்களின் புகைக்குழாயில் வேலை செய்வதும் இதே தத்துவந்தான்.

எண்ணைக் கண்டவுடன் புகைபோக்கியின் தடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும். எனினும் மின்னழுத்தம் வெப்பத்தையும் பொறுத்ததாகையால் வெப்பமானியும் அருகே வேண்டும். உணர்கோல் தன் முனை இருக்கும் இடத்தையே அறியும். மேலடுக்கும் கீழடுக்கும் வேறுபடலாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் கொல்லும். கூரைக்கடியில் சூளை வைத்திருப்போர் காற்று நன்கு வந்துபோக வழி செய்துவிட்டே நெருப்பு மூட்டவேண்டும்.