படிவமும் பேரேடும்

(கிளைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

ஆடிட்டராகவே காலத்தை ஓட்டியவனை மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். நான் பேசப்போவது மருந்தைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றித்தான்.

நம்மில் பலருக்குக் காலையில் முதல் காரியம் ஷுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை. அது நல்லது என்று டாக்டர் சொல்வது ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை வைத்து. அந்தக் கட்டுரைகளின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பாரா இருக்கும். எழுதியவர் எந்தெந்தக் கம்பெனியிடம் பணமோ பங்கோ பெற்றவர் என்ற விவரம். முன்னணிப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் கூடி 2009-ல் இதற்கென்று பொதுவான படிவமே கொண்டு வந்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர் கட்டுரை எழுதியவரே! பத்திரிகைகள் பெரும்பாலும் அதை அப்படியே அச்சிடுகின்றன. பாங்கில் இவ்வளவு இருப்பு என்று முதலாளி சொன்னால் நாங்கள் அதோடு விட மாட்டோம். பாங்குக்கே எழுதிக் கேட்போம்.

நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்று பிரசித்தி பெற்ற புற்றுநோய் மருத்துவமனை. அதன் தலைமை மருத்துவ அதிகாரி ஹோஸே பாஸெல்கா. 2018 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸும் புரோபப்ளிகாவும் அவரைப் பற்றி எழுதின. ரோஷ் கம்பெனி வழியாக மட்டும் 2014 முதல் 30 லட்சம் டாலருக்கு மேல் வரவு. ஆலோசனைக் கட்டணமும், ரோஷ் வாங்கிய ஒரு கம்பெனியில் அவருக்கிருந்த பங்கின் தொகையும் சேர்த்து. பல டஜன் கட்டுரைகளில் இத்தகைய தொடர்புகள் பற்றி மூச்சு இல்லை. ரோஷ் செலவில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பலர் ஏமாற்றம் என்றபோது இவர் மெச்சிப் பேசியிருந்தார். வேண்டுமென்று மறைக்கவில்லை என்றார். சில நாட்களில் ராஜினாமா. பெரிய விஞ்ஞானி, 2021-ல் காலமாகிவிட்டார். அவரை ஏசுவது என் நோக்கமல்ல.

குட்டு எப்படி வெளிப்பட்டது? அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. டாக்டர்களுக்குக் கொடுத்ததை மருந்துக் கம்பெனிகள் அரசிடம் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரிலிருந்து அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கொடுத்தவர் பேரேட்டையும் வாங்கியவர் படிவத்தையும் பக்கத்தில் வைத்தார்கள், டாலி ஆகவில்லை.

அதிலும் ஓட்டை உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிஸத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் லான்செட்டில் எழுதிய வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்தது வக்கீல் மூலம். கம்பெனிப் பேரேட்டில் அது எங்கே அகப்படும்? ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார். கட்டுரையை முழுவதுமாக வாபஸ் வாங்க 2010 ஆயிற்று.

நம் தேசத்துக்கு வருவோம். டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஜூலையிலிருந்து, வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் சலுகைகளுக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் வந்தது. ஆக, பேரேடு இங்கேயும் இருக்கிறது, பான் நம்பரோடு! வருமான வரி இலாகா பார்க்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரி எதிக்ஸ் கமிட்டிகளில் டாக்டரல்லாதவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. நம் அங்கத்தினர்கள் யாராவது அந்த இடத்தில் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆய்வு நடத்தும் டாக்டர் தரும் சுய அறிவிப்போடு, 26ஏஎஸ் என்று நாம் சொல்லிப் பழகிய வரிப் பிடித்தப் பட்டியலையும் கேளுங்கள். வரி பிடித்த கம்பெனிகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும்.